கைப்பிடியில் என் சட்டை

மாசிலாமணி கரண்டு போஸ்ட்டிலிருந்து விழுந்த அன்று மத்தியான பஸ் சரியான நேரத்துக்கு வந்தது. கொஞ்சம் தாமதமாக வந்திருந்தால் அவன் விழுந்திருக்க மாட்டான். பஸ்ஸுக்கும் கரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். நானும் அதைத்தான் கேட்டுக்கொண்டு திரிந்தேன். பதில் கிடைக்க ஒரு மாதத்துக்கு மேல் ஆனது.

நான் அறுபதுகளில் மின்சார வாரியத்தின் செஞ்சி செக்ஷனில் வயர்மேனாக இருந்தவன். பெயர் தங்கவேலு. படிப்பு எட்டாவதோடு சரி. வேலையைக் கண்ணால் பார்த்துக் கற்றுக்கொண்டேன், இங்கிலீஷ் வார்த்தைகளைக் காதால் கற்றுக்கொண்டேன். ஊர் ஊராகக் கரண்டு போய்ச் சேர்ந்துகொண்டிருந்த காலம் அது. சைக்கிளில் போகிற இடமெல்லாம் ஜனங்கள் கரண்டைப் பற்றி ஏதாவது சொல்வார்கள். பழைய லாக் புக் ஒன்றின் பின்பக்கத்தில் அதையெல்லாம் குறித்து வைப்பேன். சீயமங்கலத்தில் ஒரு விவசாயி மோட்டார் தண்ணீர் பயிருக்கு ஒத்துக்கொள்ளாது என்றார். ஏன் என்றேன். "பயந்துகினு ஓடியார தண்ணி அது. மாடு கட்டி கவலை எறைச்சா தண்ணி நெதானமா வரும்" என்றார். தளவானூரில் ஒரு அம்மா, "வெளக்கு வந்தப்புறம் எல்லார் மூஞ்சியும் நல்லாத் தெரியுது. யாரு பேச்ச நம்பறதுன்னுதான் முன்ன மாதிரியே தெரியல" என்றார். செஞ்சி கடைத்தெருவில் ஒரு செட்டியார் கல்லாப்பெட்டிக்கு மேலே பகலிலும் பல்பை எரியவிடுவார். கேட்டால், "திருடன் வந்தா அவனுக்கு வெக்கமாவது வரட்டும்" என்பார்.

இதெல்லாம் சிரிக்கிற விஷயம். கீழே சொல்லப்போவது அப்படி இல்லை. லைன் வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

1. சாவி என் பையில் இருந்தது

தொண்டூரைத் தாண்டி ஒரு சின்ன ஊர். பெயர் வேண்டாம், அங்கே இன்னமும் எனக்கு வேண்டியவர்கள் இருக்கிறார்கள். ஏரிக்கரை ஓரமாக வரும் லைனில் ஒரு போஸ்ட்டில் ஜம்பர் எரிந்துவிட்டது என்று புகார் வந்தது. ஜம்பர் என்றால் ஒரு கம்பியையும் இன்னொரு கம்பியையும் சேர்க்கிற துண்டுக் கம்பி. நானும் ஹெல்பர் மாசிலாமணியும் புறப்பட்டோம். மாசிலாமணிக்கும் எனக்கும் ஒரே வயது. கம்பம் ஏறுவதில் அவனுக்கு நிகர் அவன்தான். ஏறும்போது பேசிக்கொண்டே ஏறுவான். பேச்சு நின்றால் உச்சிக்குப் போய்விட்டான் என்று அர்த்தம்.

டிரான்ஸ்ஃபார்மர் ஊர் முனையில் இருந்தது. அதன் கம்பத்தில் ஆள் உயரத்தில் ஒரு நீளக் கைப்பிடி இருக்கும். அதுதான் ஏ.பி. சுவிட்ச். கைப்பிடியைக் கீழே இறக்கினால் ஊர் முழுக்கக் கரண்டு நிற்கும். மேலே ஏற்றினால் வரும். நான் இறக்கினேன். பூட்டைப் போட்டேன். சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

சட்டப்படி ஒருவன் சுவிட்ச் பக்கத்திலேயே நிற்க வேண்டும். "அஞ்சு நிமிஷ வேலை, பூட்டிட்டோமே" என்று நான்தான் சொன்னேன். போஸ்ட் அங்கிருந்து கூப்பிட்டால் கேட்காத தூரம். இரண்டு பேரும் போனோம்.

மாசிலாமணி பேசிக்கொண்டே ஏறினான். பேச்சு நின்றது. நான் கீழேயிருந்து கயிற்றில் கம்பிச் சுருளைக் கட்டி அனுப்பினேன். கரைக்கு அந்தப் பக்கம் மத்தியான பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. "சாப்பாட்டு நேரம் வந்துடுச்சிடா" என்று மேலே பார்த்துச் சொன்னேன். அவன் ஏதோ பதில் சொல்ல வாயைத் திறந்தான். வார்த்தை வரவில்லை. ஒரு முனகல்தான் வந்தது. இடுப்புக் கயிறு எரிந்து அறுந்து, அவன் பக்கவாட்டில் விழுந்தான்.

நடவுக்கு உழுது சேறடித்து வைத்திருந்த கழனி. அதனால் உயிர் தப்பியது. அறுப்பு முடிந்த கழனியாக இருந்திருந்தால் நான் இதை வேறு மாதிரி எழுதிக்கொண்டிருப்பேன். சுற்றி வேலை செய்துகொண்டிருந்தவர்கள் ஓடிவந்தார்கள். கட்டில் கொண்டுவந்தார்கள். ரோட்டில் போன லாரியை மறித்து ஏற்றினோம்.

அவனை அனுப்பிவிட்டு டிரான்ஸ்ஃபார்மரிடம் போனேன். கைப்பிடி மேலே ஏறியிருந்தது. பூட்டு, உடைக்காமல், ஒழுங்காகத் திறந்து பக்கத்து ஆணியில் மாட்டி வைக்கப்பட்டிருந்தது. சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தேன். சாவி அங்கேயே இருந்தது.

மாசிலாமணியின் வலது கையில் இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். இடுப்பு எலும்பு கூடியது, ஆனால் கம்பம் ஏறுகிற இடுப்பாக அது திரும்பவில்லை.

2. பெரிய பூட்டு

எங்கள் ஆபீசர் கெட்டவர் இல்லை. கோபக்காரர், அவ்வளவுதான். "யாரு ஏத்தினான்? பேரு வேணும். போலீஸ்ல குடுத்துடலாம்" என்றார். நான் நாலு தடவை அந்த ஊருக்குப் போனேன். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. "நாங்க அந்தப் பக்கமே போவலீங்க" என்றார்கள், அறுபது பேரும் ஒரே குரலில்.

ஆபீசர் திண்டிவனத்திலிருந்து உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பூட்டு வரவழைத்தார். கூடவே மண்டையோடு போட்ட தகரப் பலகைகள் ஒரு கட்டு. "ஒரு கம்பம் விடாம மாட்டு" என்றார். அந்த ஜம்பரை அன்றைக்கு விழுவதற்கு முன்னால் மாசிலாமணி தற்காலிகமாக முறுக்கி விட்டிருந்தான். அறுவடைக்குள் யாராவது ஏறி ஒழுங்காகக் கட்டியாக வேண்டும். மாசிலாமணிக்குப் பதில் ஆள் போடவில்லை. ஆக அந்த யாராவது நான்தான். பூட்டைத் தூக்கிக்கொண்டு சைக்கிள் மிதிக்கும்போது வழியெல்லாம் எனக்கு இதே நினைப்பு. அடுத்த தடவை இந்தக் கைப்பிடி கீழே இறங்கினால், நான் போஸ்ட்டிலிருந்து இறங்கும் வரைக்கும் அது கீழேயே இருக்க வேண்டும். அதற்கு வழி கண்டுபிடிக்காமல் விடுவதில்லை என்று முடிவு செய்தேன்.

டிரான்ஸ்ஃபார்மருக்கு எதிரே அஞ்சலை அக்காவின் டீக்கடை. பஸ் நிற்கிற இடமும் அதுதான். வடை சுட்டுக்கொண்டே ஊர் மொத்தத்தையும் விசாரிக்கிற வாய். புதுப் பூட்டைப் பார்த்ததும் அவர் கரண்டியைக் கீழே வைத்தார்.

"கரண்டுகாரே, இன்னாத்துக்கு இவ்ளோ பெரிய பூட்டு? உள்ள நகை கிகை வெச்சிகிறீங்களா?"

"யாரும் தொறக்கக் கூடாதுன்னு."

"சின்ன பூட்டுக்கு ஊர்ல நாலு சாவி இருக்குது. இதுக்கும் அமாவாசைக்குள்ள வந்துடும். நம்ம கொல்லன் கைய பத்தி உனக்குத் தெரியாது."

"நாலு சாவியா? யக்கா, அது தப்பில்லையா?"

"இன்னா தப்பு? மழக்காலத்துல பீசு போச்சுன்னா நீ செஞ்சிலேர்ந்து சைக்கிள மிதிச்சிகினு மூணாம் நாள் வர்ற. அதுவரிக்கும் நாத்து ஒன்ன பாத்துகினு இருக்குமா? நாங்களே இறக்கி, நாங்களே கட்டி, நாங்களே ஏத்திக்கிறோம். அதுக்குச் சாவி வேணுமில்ல?"

தகரப் பலகையை எடுத்துக் கம்பத்தில் கட்ட ஆரம்பித்தேன். அதற்கும் அவர் விடவில்லை.

"அந்த மண்டய இன்னாத்துக்கு இன்னும் மாட்ற? ஏற்கெனவே ரெண்டு இருக்குது."

"அபாயம்னு சொல்லத்தான்."

"அது எப்பவும்தான் சொல்லிகினு இருக்குது. காலைலயும் நீ செத்துப்போவேன்றது, சாயந்தரமும் செத்துப்போவேன்றது. நான் அது கீழதான் நாள் பூரா வடை சுடறேன். நான் செத்தனா? சும்மா சும்மா பயமுறுத்தற ஆளு பேச்ச யாரு கேப்பா?"

அன்றைக்கு வீட்டுக்குப் போய் லாக் புக்கில் முதல் வேலையாக இதைத்தான் எழுதினேன். எழுதும்போது செஞ்சியில் ஒரு நகைக்கடை ஞாபகம் வந்தது. கதவைத் தொட்டால் அடிக்கிற மாதிரி அங்கே ஒரு மின்சார மணி மாட்டிக் கொடுத்திருந்தேன். பல்லி ஓடினால் அடிக்கும், லாரி போனால் அடிக்கும். முதல் வாரம் தெருவே கூடியது. இரண்டாம் வாரத்திலிருந்து மணி அடித்தால், "பல்லி" என்று சொல்லிவிட்டு அவரவர் வேலையைப் பார்த்தார்கள். எப்போதும் அடிக்கிற மணியும் எப்போதும் இளிக்கிற மண்டையும் ஒன்றுதான் என்று அன்றைக்குத் தெரிந்தது.

3. முறை

மறு வாரம் மத்தியானம் அதே கடையில் உட்கார்ந்திருந்தேன். செஞ்சி பஸ் வந்து நின்று போனது. பஸ் கிளப்பிய தூசி அடங்குவதற்குள் கழனிப் பக்கத்திலிருந்து ஒருவன் வேகமாக வந்தான். மேற்கு வயல்வெளியில் புதிதாக மோட்டார் போட்ட ஏழுமலை. என்னைப் பார்த்ததும் நின்றான். அப்படியே திரும்பிப் போனான்.

"ஏன் வந்தாரு, ஏன் போறாரு?" என்றேன்.

அஞ்சலை அக்கா எண்ணெய்ச் சட்டியையே பார்த்துக்கொண்டு சொன்னார்: "நீ யாரு யாருன்னு கேட்டுகினு இருந்தா இந்த ஊர்ல ஒருத்தனும் வாயத் தொறக்க மாட்டான். ஏன்னு ஒரு தடவ கேட்டியா?"

"சரி. ஏன்?"

அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. அந்த ஊர் டிரான்ஸ்ஃபார்மர் சின்னது. எல்லா மோட்டாரும் ஒரே நேரத்தில் ஓடினால் வோல்டேஜ் விழுந்து மோட்டார் புகைந்துவிடும். இரண்டு மோட்டார் அப்படி எரிந்த பிறகு ஊர் கூடி ஒரு முடிவு எடுத்திருக்கிறது. ஏரித் தண்ணீருக்கு முறை வைப்பதுபோலக் கரண்டுக்கும் முறை. காலையில் கிழக்கு வெளி. மத்தியான பஸ் போனதும் மேற்கு வெளி. ஊரில் எல்லோருக்கும் பொதுவான கடிகாரம் அந்த பஸ்தான். முறை மாறும்போது மெயின் கைப்பிடியை ஒரு தடவை இறக்கி ஏற்றுவார்கள். கரண்டு ஒரு தடவை போனால் ஸ்டார்ட்டர் எல்லாம் தானாக விழுந்து மோட்டார்கள் நின்றுவிடும். அப்புறம் மேற்கு வெளிக்காரன் மட்டும் போய்த் தன் ஸ்டார்ட்டரை அழுத்திக்கொள்வான். கிழக்கே ஒருவன் நிறுத்த மறந்தாலும் சண்டை வராது.

"கெழக்கால ஆளு சில நாள் அவனே இறக்கிப் பூட்டி வெச்சிட்டுப் போய்டுவான். மேற்கால ஆளு வந்து ஏத்திக்குவான்" என்றார் அஞ்சலை அக்கா. "மதகு மாதிரிதான். அவன் முறை முடிஞ்சா அவன் மூடுவான். ஒன் முறை வந்தா நீ தொறப்ப. மூடி இருக்கற மதகப் பாத்து, 'யாரு மூடினா, ஏன் மூடினா'ன்னு யாராவது விசாரிச்சிகினு நிப்பாங்களா?"

நான் அன்றைக்குக் கைப்பிடியை இறக்கிப் பூட்டியதற்கு எங்கள் ஆபீஸ் பாஷையில் 'மேலே ஆள் வேலை செய்கிறான்' என்று அர்த்தம். அந்த ஊர் பாஷையில் 'என் முறை முடிந்தது, இனி நீ எடுத்துக்கொள்' என்று அர்த்தம். பஸ் போனது. முறைக்காரன் வந்தான். சாவி போட்டான். ஏற்றினான். பூட்டை மரியாதையாக ஆணியில் மாட்டினான். அவன் கெடுதல் எதுவும் நினைக்கவில்லை.

"அப்ப மதகுக்குள்ள ஆளு எறங்கி சேறு அள்ளும்போது யாராவது தொறந்துட்டா?" என்று கேட்டேன்.

அஞ்சலை அக்கா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார், இதுகூடத் தெரியாதா என்பது போல.

"எறங்கறவன் தலத்துண்ட அவுத்து மதகுக் கம்பியில கட்டிட்டுத்தான் எறங்குவான். துண்டு இருந்தா உள்ள ஆளு இருக்கறான். யார் வூட்டுப் பயிரு காஞ்சாலும் தொட மாட்டாங்க. வெளிய வந்து அவனே அவுக்கணும். அவன் பொண்டாட்டி வந்தாக்கூட அவுக்கக் கூடாது."

நான் டீயைக் குடிக்காமல் எழுந்துவிட்டேன்.

4. துண்டும் சட்டையும்

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஊர் கூடுகிற இடத்தில் போய் நின்றேன். போலீஸ் பேச்சை எடுக்கவில்லை. பூட்டு பேச்சையும் எடுக்கவில்லை. "சாவி வெச்சிக்கிறது தப்பு, ஆனா நான் சொன்னா நீங்க கேக்கப் போறதில்ல. ஒண்ணே ஒண்ணு கேளுங்க. கைப்பிடியில துண்டு கட்டி இருந்தா மேல நான் இருக்கறேன். மதகு மாதிரிதான்" என்றேன். கூட்டத்தில் ஒருவரும் எதிர்த்துப் பேசவில்லை. புதிதாக ஒன்றும் நான் சொல்லவில்லையே. அவர்கள் வழக்கத்தை அவர்களுக்கே திருப்பிச் சொன்னேன். ஏழுமலை பின்னால் நின்றிருந்தான். தலையை ஆட்டவும் இல்லை, முகத்தைப் பார்க்கவும் இல்லை.

பத்து நாள்தான் நன்றாக நடந்தது. ஒரு நாள் டிரான்ஸ்ஃபார்மர் எண்ணெய் பார்க்கப் போனால் கைப்பிடி இறங்கியிருக்கிறது, அதில் ஒரு பச்சைக்கரைத் துண்டு கட்டியிருக்கிறது. நான் கட்டவில்லை. மேற்கு வெளிக்காரர்கள் நாலு பேர் கீழே கைகட்டி நிற்கிறார்கள்.

"நீ மேல இருக்கறன்னு ஒரு மணி நேரமா நிக்கறோம். நீ செஞ்சிலேர்ந்து இப்பதான் வர்ற!" என்றான் ஒருவன்.

விசாரித்தால், கிழக்கு வெளியில் ஒருவனுக்கு மேற்கு வெளி ஆளோடு வரப்புத் தகராறு. அவன் தன் துண்டைக் கட்டிவிட்டு வீட்டில் படுத்துத் தூங்குகிறான். அஞ்சலை அக்கா அவன் வீட்டு வாசலில் போய் நின்று கத்தியது பக்கத்து ஊருக்குக் கேட்டிருக்கும். "மதகுல இப்பிடி கட்டுவியாடா நீ? ஒங்க நைனா காலத்துல கட்டி இருந்தா தோலை உரிச்சி இருப்பாங்கடா!"

கோபம் நியாயம். ஆனால் ஒன்று எனக்குப் புரிந்தது. மதகில் யார் துண்டு யாருடையது என்று எல்லோருக்கும் தெரியும். என் துண்டு எது என்று இவர்களுக்குத் தெரியாது. எந்தத் துண்டும் என் துண்டு ஆகிவிடும். ஒரு முறை ஏமாந்தவர்கள் மறுமுறை அவிழ்த்துவிடுவார்கள். அன்றைக்கு மேலே நான் இருப்பேன்.

அந்தச் சுற்று வட்டாரத்தில் காக்கிச் சட்டை போட்டவன் நான் ஒருவன்தான். இடது தோளில் பேட்ஜ், பையில் மசிக் கறை, மூன்றாவது பித்தானுக்குப் பதில் என் மனைவி தைத்த கறுப்புப் பித்தான். அதை வேறு ஒருவன் கட்ட முடியாது. இனித் துண்டு இல்லை, என் சட்டைதான் அடையாளம் என்று ஊரில் சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து எங்கே சுவிட்ச் இறக்கினாலும் பூட்டைப் போட்டு, அதன் மேல் சட்டையைக் கழற்றி, சட்டையின் இடது கையைக் கைப்பிடியில் சுற்றி இறுக்கி முடிச்சுப் போட்டேன். பனியனோடு கம்பம் ஏறினேன்.

சித்திரை வெயிலில் பனியனோடு ஏறினால் தோள் தோசைக்கல் ஆகிவிடும். அதைவிடக் கிண்டல் அதிகம். "கரண்டுகாரு வந்துட்டாரு, துணி தொவைக்கறவங்க வாங்க" என்பார்கள் பெண்கள். கடைத்தெருவில் "இன்னா தங்கவேலு, சட்ட வேலை செய்யுது, நீ சம்பளம் வாங்கறியா?" என்பார்கள். விஷயம் ஆபீசர் காதுக்கும் போனது.

"கவர்மெண்ட் குடுத்த சட்டைய கழட்டி கம்பத்துல மாட்றியாமே? துணி காயப் போடற எடமாய்யா அது?"

"ஆளு மேல இருக்கறான்னு அர்த்தம் சார்."

"அதுக்குத்தானே பூட்டு வாங்கிக் குடுத்தேன்?"

"பூட்டு தொறக்காதேன்னுதான் சார் சொல்லுது. ஏன்னு சொல்ல மாட்டேங்குது. ஏன்னு தெரியலன்னா அவங்க வேற சாவி செஞ்சிக்கிறாங்க."

"நாளைக்கு ஒருத்தன் சட்டையத் தூக்கிகினு போய்ட்டா?"

"போனா ஊரே தேடும் சார். பூட்டு போனா ஒருத்தரும் தேட மாட்டாங்க."

சீருடை இல்லாமல் வேலை செய்ததற்கு மெமோ கொடுத்தார். பதில் எழுதிக் கொடுத்தேன்: 'சீருடை வேலையில்தான் இருந்தது. வேலை நடக்கும் இடத்துக்குச் சற்றுத் தள்ளி இருந்தது.' அவர் படித்தார். சிரிக்கவில்லை, ஆனால் ஃபைலில் போட்டுக்கொண்டார். அதற்குப் பிறகு இரண்டு மெமோ வந்தது. மூன்றுக்கும் அதே பதில். பூட்டையும் நான் விடவில்லை. பூட்டு ஆபீசுக்கு, சட்டை ஊருக்கு.

5. மறுபடியும் அதே போஸ்ட்

அறுவடை நெருங்கியது. அந்த ஜம்பர் பொறி தட்ட ஆரம்பித்துவிட்டது. ஆள் கேட்டேன், கிடைக்கவில்லை. இனித் தள்ளிப்போட முடியாது என்று ஒரு காலை புறப்பட்டேன். கீழே கயிறு பிடிக்க ஆள் தேடினேன். அஞ்சலை அக்கா சட்டியை அடுப்பிலிருந்து இறக்கிவிட்டு வந்தார்.

"வடை ஆறட்டும். ஒன்ன வேற லாரியில ஏத்த என்னால முடியாது" என்றார்.

சுவிட்சை இறக்கினேன். பூட்டினேன். சட்டையைக் கட்டினேன். ஒரு தடவை இழுத்துப் பார்த்தேன். போனோம்.

மாசிலாமணி ஏறிய அதே கால்கட்டைகளில் கால் வைத்து ஏறினேன். உச்சியில் இடுப்புக் கயிற்றைக் கட்டிக்கொண்டேன். நாலு கம்பிக்கும் நடுவே உடம்பு. பழைய முறுக்கைப் பிரிக்க நினைத்ததைவிட நேரம் ஆனது. அங்கிருந்து பார்த்தால் செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலை தெரியும், ஏரி தெரியும், கரைக்கு அந்தப் பக்கம் டிரான்ஸ்ஃபார்மரும் விரல் அளவுக்குத் தெரியும். காக்கி ஒரு புள்ளியாகத் தெரிந்தது.

பஸ் ஹாரன் கேட்டது.

நான் திரும்பிப் பார்த்தேன். பஸ் போனது. தூசி எழுந்து, காற்றில் இந்தப் பக்கம் சாய்ந்தது. தூசிக்குள் காக்கி தெரியவில்லை. தூசி அடங்கியதும் ஒரு ஆள் கழனியிலிருந்து டிரான்ஸ்ஃபார்மரைப் பார்த்து நடந்தான். மேற்கு வெளி. அந்த நடை எனக்குத் தெரியும். ஏழுமலை. அவன் கழனியில் கதிர் பால் பிடிக்கிற சமயம், ஒரு நாள் தண்ணீர் தவறினாலும் பதராகிவிடும்.

"இன்னா கரண்டுகாரே, கை நின்னு போச்சி?" என்றார் கீழேயிருந்து அஞ்சலை அக்கா. கரை மறைத்ததால் அவருக்கு எதுவும் தெரியவில்லை.

"ஏழுமலை போறாரு யக்கா."

"எங்க?"

"சுவிட்சுக்கு."

அவர் கையை வாயில் குவித்துக் கத்தினார். அந்தத் தூரத்துக்கு எந்தக் குரலும் போகாது. நான் கையைக் கம்பியிலிருந்து எடுத்துக்கொண்டேன். ஆனால் தோளுக்கு இரண்டு விரல் தள்ளிக் கம்பி. இறங்க வேண்டுமானால் அதைப் பிடித்துக்கொண்டுதான் இடுப்புக் கயிற்றை அவிழ்க்க முடியும். அசையாமல் இருப்பது தவிர வழியில்லை.

ஏழுமலை கைப்பிடி அருகே போனான். நின்றான். கையை உயர்த்தினான். அந்தப் புள்ளி அளவு கை கைப்பிடியில் என்னவோ செய்தது. நான் கண்ணை மூடவில்லை. மூடியிருக்கலாம், ஏனோ மூடவில்லை.

எதுவும் நடக்கவில்லை.

கை இறங்கியது. அவன் அங்கேயே, கம்பத்தின் நிழலில், தரையில் குந்தி உட்கார்ந்தான்.

"இன்னா ஆச்சி? ஏய், இன்னா ஆச்சி? சொல்லித் தொலையேன்!"

"குந்திகினாரு யக்கா" என்றேன்.

ஜம்பரைக் கட்டி முடித்தேன். அவசரப்படவில்லை. இரண்டு முறுக்கு போட வேண்டிய இடத்தில் நாலு போட்டேன். இறங்கிக் கரையேறி டிரான்ஸ்ஃபார்மருக்குப் போனேன். அஞ்சலை அக்கா எனக்கு முன்னால் ஓடினார். ஏழுமலை எழுந்தான். பஸ் காற்றில் சட்டையின் முடிச்சு நெகிழ்ந்து ஒரு பக்கம் தொங்கிவிட்டதாம். அவன் தன் தலைத்துண்டை அவிழ்த்து, என் சட்டையையும் சேர்த்துக் கைப்பிடியோடு கட்டியிருந்தான்.

"பறந்து போய்டப் போவுதுன்னு கட்டினேன். நீயே அவுத்துக்க" என்றான்.

அவிழ்த்தேன். போட்டுக்கொண்டேன். அவன் நகரவில்லை.

"கையக் காட்டு."

"இன்னாத்துக்கு?"

"ரெண்டு கையும் காட்டுண்ணா."

காட்டினேன். பத்து விரலையும் பார்த்தான். கண் கலங்கிவிட்டது அவனுக்கு.

"அன்னிக்கி நான்தாண்ணா ஏத்தினேன். மூடி இருந்துச்சி, பஸ் போச்சி, ஏத்திட்டேன். மேல ஆளு இருக்கறான்னு சத்தியமா தெரியாது."

அஞ்சலை அக்கா என்னைப் பார்த்தார். ஆபீசர் கேட்ட பேர் கிடைத்துவிட்டது. நான் ஏழுமலையிடம் சொன்னேன்: "இத என்கிட்ட சொல்லாத. மாசிலாமணிகிட்ட போய்ச் சொல்லு."

அடுத்த சந்தை நாளில் அவன் செஞ்சிக்கு வந்தான். மாசிலாமணிக்கு அப்போது எங்கள் ஆபீசிலேயே புகார் நோட்டு எழுதுகிற வேலை. இடது கையால் எழுதப் பழகிக்கொண்டிருந்தான். ஏழுமலை நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னான். மாசிலாமணி பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டான்.

"அன்னிக்கி கைப்பிடியில இவன் சட்ட கட்டி இருந்தா நீ ஏத்தி இருப்பியா?"

"மாட்டேன்."

மாசிலாமணி என்னைத் திரும்பிப் பார்த்தான். "கேட்டியா தங்கவேலு? பாதி தப்பு ஒன்னுது." பிறகு ஏழுமலையிடம், "குந்து. டீ சாப்டியா?" என்றான்.

அந்தப் பாதியை நான் இன்றுவரை மறுக்கவில்லை. ஆபீசர் கடைசி வரை பேர் கேட்டுக்கொண்டிருந்தார். கிடைக்கவில்லை என்று எழுதிக் கொடுத்தேன். அதற்கான மெமோவும் ஃபைலில் இருக்கும்.

நான் வேலையிலிருந்து ஓய்வு பெறும் வரை என் காக்கிச் சட்டைகள் எல்லாவற்றிலும் இடது கை வலது கையைவிட நாலு விரல் நீளமாக இருந்தது. முடிச்சுப் போட்டு இழுத்து இழுத்து அப்படி ஆகிவிட்டது. தையல்காரர் சரி செய்யட்டுமா என்று கேட்பார். வேண்டாம் என்பேன்.

இப்போது லைன் வேலைக்கு வருகிறவர்களிடம் நல்ல பூட்டு இருக்கிறது, நல்ல கையுறை இருக்கிறது. எல்லாவற்றையும் மாட்டிக்கொள்ளுங்கள், ஒன்றையும் விடாதீர்கள். ஆனால் ஏறுவதற்கு முன்னால் ஒரு டீ குடித்துவிட்டு, அந்த ஊரில் அந்தக் கைப்பிடியை இறக்கினால் என்ன அர்த்தம் என்று கேளுங்கள். உங்கள் உயிரை எடுக்கக்கூடிய ஆள் உங்கள் விரோதி இல்லை. தண்ணீருக்குக் காத்திருக்கிற ஒருவன். மேலே நீங்கள் இருப்பது அவனுக்குத் தெரிந்தால் போதும். அவிழ்ந்த முடிச்சை அவனே கட்டிவிட்டு, நீங்கள் இறங்கும் வரை உட்கார்ந்திருப்பான்.